மூன்றரை நாளில் ஒரு வருடம்

12.9.2000, செவ்வாய். மூன்றரை நாள் என்று வந்த விடையை, தூரத்து நட்சத்திரம் ஒன்றைச் சுற்றும் அவ்வளவு பெரிய கோளுக்கு இத்தனை சின்ன வருடமா என்று பயந்து அடித்துவிட்டேன். சரிபார்க்காமல் அடித்தது தவறு.

டைரியை மூடிவிட்டு சுப்ரஜா நிமிர்கிறாள். செங்கல்பட்டு வானியல் மாலை வகுப்பில் டியூப்லைட் முனகிக்கொண்டிருக்கிறது. கூடப் படிக்கும் ஜெஸ்ஸி, விஞ்ஞானிகள் வெளியிட்ட அந்த நட்சத்திரத்தின் ஒளி வரைபடத்தைத் தன் கல்பாக்கம் ஆபீசில் பிரின்ட் எடுத்து வந்திருக்கிறாள். அதன்மேல் சுப்ரஜாவின் கிராஃப் தாளை வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்கிறாள். ஒத்துப்போனால் இந்தத் தாள் மாமல்லபுரம் கண்காட்சிக்குப் போகும். நட்சத்திரத்தை ஒட்டியே சுற்றிக் கொதிக்கும் அந்தக் கோள் குறுக்கே வரும்போதெல்லாம் ஒளி கொஞ்சம் குறைகிறது. மூன்றரை நாளுக்கு ஒருமுறை விழும் அந்தப் பள்ளங்கள், இரண்டு தாளிலும் ஒன்றின்மேல் ஒன்றாக உட்காருகின்றன. “இன்னாது, வாரத்துக்கு ரெண்டு பொறந்தநாளா? கேக்கு வெட்டியே பேஜாராயிடும்,” என்கிறான் பக்கத்து பெஞ்சு ஹரிசங்கர். “சும்மா கெட, கரெக்டா கீது பாரு,” என்கிறாள் ஜெஸ்ஸி. “ஏன்டி இத்தப் போய் அடிச்ச?” சுப்ரஜா தாளின் பக்கம் திரும்புகிறாள். தாளின் மூலையில் பென்சிலால் எழுதிய அவள் பெயர் வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிகிறது. கண்ணை எடுக்காமல் அதையே பார்க்கிறாள். பிறகு டைரியைத் திறக்கிறாள்.

நாளை: மூன்றரை நாள் என்று பேனாவால் எழுதி, தாளைக் கண்காட்சி அட்டையில் ஒட்ட வேண்டும்.