வண்டி எண்ணும் பெண்

நெடுஞ்சாலையோரம் குடைக்கடியில் உட்கார்ந்து காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்த பெண்ணைப் பஞ்சர் கடை இருதயத்துக்குக் காலையிலிருந்தே பிடிக்கவில்லை. கேட்டதற்கு, “போற வர்ற வண்டிய எண்ணுறோம்ணே. இன்னும் இருவது வருஷத்துல எவ்வளவு ஓடும்னு இத வச்சுத்தான் பாப்பாங்க. கூடுதலா இருந்தா ரோட்ட அகலமாக்குவாங்க” என்றாள்.

சாலைக்கும் அவர் கடைக்கும் பத்தடிகூட இல்லை. பொய்க்கணக்கு எழுதுகிறாளோ என்று மொபெட்டை எடுத்துக்கொண்டு, போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்த்தார். சாயங்காலம் கோடுகள் எக்கச்சக்கமாய்ப் பெருகியிருந்தன.

“இவ்வளவு வண்டி எப்ப போச்சும்மா? யாரு ஏத்தி எழுதச் சொன்னது?”

“அதுல பதினேழு நீங்கதாண்ணே.”

இருதயம் இறங்கி, மொபெட்டைத் தள்ளிக்கொண்டே கடைக்கு நடந்தார். அவள் பேனா கொஞ்சம் தயங்கியது. பிறகு பதினெட்டாவது கோட்டைப் போட்டது.