அங்க அடையாளம்

இவள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இன்று இவள்தான் விசாரணை அதிகாரி.

சற்று முன்புதான் வகுப்பில் திருட்டு நடந்திருந்தது. ஹெல்மெட் போட்ட ஒருவன் திடுதிப்பென்று உள்ளே நுழைந்தான். மேசைமேல் இருந்த பேராசிரியரின் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

எல்லாம் நாடகம். குற்றவியல் துறையில் வருடா வருடம் நடப்பதுதான். சாட்சி சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று நாளைய போலீஸ்காரர்களுக்குப் புரிய வேண்டுமாம்.

நன்றாகவே புரிந்தது. ஒருவன் சட்டை நீலம் என்றான். இன்னொருவன் பச்சை என்று அடித்துச் சொன்னான்.

கடைசியாக ஜெபசீலி எழுந்தாள்.

விடுதியில் இவளுடைய அறைத்தோழி. ஒரே தட்டில் சாப்பிடுகிறவள். படிப்பிலும் ஓட்டத்திலும் எப்போதும் இவளுக்கு ஓரடி முன்னால். நாளைக்கு எஸ்.ஐ. தேர்விலும் அவள்தான் முந்துவாள். அந்த வயிற்றெரிச்சல் இவளுக்குப் பழகிவிட்டது. சோற்றோடு சேர்த்து விழுங்கிவிடுவாள்.

ஜெபசீலி கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். சாம்பல் நிறச் சட்டை. வலது மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. ஓடும்போது இடது தோள் கொஞ்சம் இறங்கும்.

பேராசிரியர் தலையாட்டத் தலையாட்ட அவளுக்கு உற்சாகம் ஏறியது.

“வலது காதுக்குப் பின்னால, முடிக்குள்ள ஒரு தழும்பு சார். பிறை மாதிரி.”

இவள் பேனா நின்றது.

வகுப்பு ஒரு கணம் யோசித்தது. பிறகு கொல்லென்று சிரித்தது.

“ஹெல்மெட்டுக்குள்ள எப்படிம்மா பார்த்தே?” என்றார் பேராசிரியர்.

ஜெபசீலி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வாசலில் நின்ற திருடன் உள்ளே வந்து ஹெல்மெட்டைக் கழற்றினான்.

மூன்றாம் ஆண்டு இசக்கிராஜா.

இவளுடைய இசக்கிராஜா.

போன மாதம் மைதானத்தில், ஓட்டப் பயிற்சி முடிந்த பிறகு, இவள் விரலைப் பிடித்து அந்தத் தழும்பின் மேல் வைத்தவன்.

“எங்கம்மைக்கு அடுத்து உனக்கு மட்டுந்தான்டி தெரியும்” என்றவன்.

ஜெபசீலியிடம்கூட இவள் மூச்சு விடவில்லை. ஜெபசீலியும் இவளிடம் மூச்சு விட்டதில்லை.

எரிந்தது. இது சோற்றோடு இறங்குகிற எரிச்சல் இல்லை.

பேராசிரியர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

“சரி, இருக்கான்னு பார்த்துருவோம். விசாரணை அதிகாரி, வந்து பாரும்மா.”

இசக்கிராஜா தலையைக் குனிந்துகொண்டான்.

இவள் எழுந்தாள். இடத்தைவிட்டு நகரவில்லை.

பேசாமல் போய்ப் பார்த்திருக்கலாம். இல்லை என்றுகூடச் சொல்லியிருக்கலாம்.

“பிறை இல்ல சார். கொக்கி மாதிரி இருக்கும். தொட்டா மேடு தட்டும்.”

சிரிப்பு அடங்கியது.

முதல் தடவையாக ஜெபசீலியை முந்திவிட்டாள்.

இசக்கிராஜா ஹெல்மெட்டை மறுபடியும் மாட்டிக்கொண்டான்.

ஜெபசீலி மெதுவாகத் திரும்பி இவளைப் பார்த்தாள்.