தனி ஆளாக விரிக்கிற கட்டில்

"இன்னொரு தடவை இழு" என்றார் ஆர்ச்சி.

மேவிஸ் அம்மா இழுத்தார். கட்டில் வரவில்லை.

மூன்றாவது சனிக்கிழமையாக இதே கூத்து.

இங்கிலாந்தில் ஹல் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் பட்டறை. பழைய வேன்களுக்குள் அடுப்பு, அலமாரி, கட்டில் எல்லாம் பொருத்தி, ஊர் சுற்றுகிற வண்டியாக மாற்றிக் கொடுப்போம். சனிக்கிழமை என்றால் சோஃபா கட்டில் பார்க்க ஆட்கள் வருவார்கள். பகலில் அது இரண்டு பேர் பெல்ட் போட்டு உட்காருகிற இருக்கை. லேசாகத் தூக்கி, பட்டையைப் பிடித்து முன்னால் இழுத்தால் சாய்மானம் கீழே படிந்து மெத்தையாகிவிடும்.

வருகிறவர்கள் எல்லோரும் செய்வது ஒன்றுதான். துணியின் நிறம் பார்ப்பார்கள். பெல்ட்டை மாட்டிப் பார்ப்பார்கள். பிறகு ஷூவைக் கழற்றிவிட்டு ஜோடியாகப் படுத்து, கால் கதவில் இடிக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆர்ச்சியும் அவர் மனைவி மேவிஸ் அம்மாவும் ஒரு தடவைகூடப் படுக்கவில்லை.

ஆர்ச்சி வேனுக்கு வெளியே மடக்கு நாற்காலியில் கம்பளிக் குல்லாவோடு உட்கார்ந்துகொள்வார். எழுபது தாண்டிய அந்த அம்மா உள்ளே குனிந்து இழுக்க வேண்டும். வராவிட்டால் மறுபடி இழுக்க வேண்டும். இது கனம், அது இறுக்கம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு அடுத்ததைக் காட்டச் சொல்வார் ஆர்ச்சி. முதல் வாரம் மனசு கேட்காமல் நான் பட்டையில் கை வைத்தேன். "தொடாதே தம்பி, அவளே செய்யட்டும்" என்று தடுத்துவிட்டார்.

எங்களுக்கு மெத்தை தைக்கிற லொரெய்ன் பல்லைக் கடித்தாள். "நான் மட்டும் அவ இடத்துல இருந்தா, அந்தாளை உள்ளே வெச்சே கட்டிலை மடிச்சிருப்பேன்."

அன்றைக்கு மேவிஸ் அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனதும் எனக்குப் பொறுமை போய்விட்டது. நீங்கள் கொஞ்சம் கை கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று ஆர்ச்சியிடம் கேட்டே விட்டேன்.

அவர் கோபப்படவில்லை.

"கல்லீரல் போச்சு தம்பி. ஆகஸ்ட் வரைக்கும் தாங்கினா அதிகம்னு டாக்டர் சொல்லிட்டாரு."

அவரே மெல்லச் சொல்லிக்கொண்டு போனார். முப்பது வருஷமாக இரண்டு பேரும் கோடையில் ஸ்காட்லாந்துக் கடற்கரைக்கு வேனில் போகிறவர்களாம். கட்டிலை விரிப்பது அவர் வேலை, அடுப்பு மூட்டுவது மேவிஸ் வேலை. பழைய கட்டில் முழுக்க இரும்பு; அவராலேயே இப்போது அசைக்க முடியவில்லையாம்.

"நான் போனப்புறமும் அவ போகணும். ஆளில்லாத இடம், மழை வேற பெய்யும். யாரைக் கூப்பிடுவா? அவ தனியா விரிக்கறதை ஒரு தடவை கண்ணால பாத்துட்டேன்னா போதும். அப்புறம் எனக்கு ஒரு கவலையும் இல்ல."

லொரெய்னிடம் சொன்னேன். அவள் தையல் மெஷினுக்குத் திரும்பிவிட்டாள்.

அந்த வாரம் முழுக்க மற்ற வேலை ஓய்ந்தபிறகு ஒரே ஒரு கட்டிலோடுதான் மல்லுக்கட்டினோம். இருப்பதிலேயே கனம் குறைந்ததை எடுத்து, அது நகர்கிற தண்டவாளத்தைத் தேய்த்து எண்ணெய் விட்டேன். பட்டையை நீளமாக்கினேன். லொரெய்ன் லேசான பஞ்சு வைத்து மெத்தையைத் தைத்தாள். கடைசியில் ஒரு விரலால் இழுத்தாலே வந்தது.

சனிக்கிழமை மேவிஸ் அம்மா இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். அப்போதும் வரவில்லை.

ஆர்ச்சி முகம் விழுந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைப் பக்கம் போனார்.

நான் அவசரமாக வேனுக்குள் ஏறினேன். முதலில் லேசாகத் தூக்க வேண்டும் என்று சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மா ஒற்றைக் கையால் தூக்கி இழுத்தார். கட்டில் சத்தமில்லாமல் விரிந்தது. அதே கையால் மடக்கித் தள்ளிவிட்டு, உதட்டில் விரலை வைத்தார்.

ஆர்ச்சி திரும்பி வந்தார்.

"வரலை ஆர்ச்சி. கைதான் வலிக்குது."

"சரி விடு. அடுத்த வாரம் வந்து பாப்போம்" என்றார் அவர்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிற மனிதரிடம் இப்படி ஒரு விளையாட்டா? அவர்கள் கார் வரைக்கும் கூடவே போனேன். ஆர்ச்சி உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டதும், தாழ்ந்த குரலில் கேட்டேன்.

"அவர் நிம்மதியாப் போறதுக்கு இது ஒண்ணைத்தான் பாத்துக்கிட்டு இருக்காரு. அதைக்கூடக் கொடுக்க மனசில்லையாம்மா உங்களுக்கு?"

மேவிஸ் அம்மா கார்க் கண்ணாடியைப் பார்த்தார். உள்ளே ஆர்ச்சி பெல்ட்டை மாட்டத் தடுமாறிக்கொண்டிருந்தார்.

"முதல் வாரமே எனக்கு விரிக்க வந்துடுச்சு கண்ணு. கிறிஸ்துமஸ்லேருந்து அந்த மனுசன் சுவரைப் பாத்துப் படுத்தே கிடந்தாரு. இப்போ சனிக்கிழமைன்னா எனக்கு முன்னாடி எழுந்து, ஷூ மாட்டிக்கிட்டு வாசல்ல வந்து நிக்கிறாரு. நான் விரிச்சுட்டேன்னு தெரிஞ்சா, அப்புறம் எதுக்கு எழுந்திருப்பாரு?"