புவனேஸ்வரி எழுதிய பரீட்சை

பாகூர் சாலையோரத்தில் காயும் நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருக்கிறார் சுப்பராயலு. டவுன் பஸ்ஸிலிருந்து மருமகள் புவனேஸ்வரி இறங்குகிறாள். அவர் மகன் சிலம்பரசன் இரண்டு முறை எழுதித் தோற்ற கம்ப்யூட்டர் நெட்வொர்க்கிங் பரீட்சையை, அவன் விபத்தில் இறந்துபோன பிறகு, இன்று அவள் எழுதிவிட்டு வருகிறாள். எழுதி முடித்ததுமே திரையில் முடிவு வந்துவிடும் பரீட்சை அது. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவனிடம் கேள்வி கேட்டுக் கேட்டே அவளுக்கும் பாடம் பதிந்திருந்தது. "இன்னாம்மா ஆச்சி?" "பாஸ் ஆயிட்டேன் மாமா. இனிமே வேலை கெடைச்சிடும்." மாலை வெயில் நெல்லின்மேல் மஞ்சளாகக் கிடக்கிறது. "ரொம்பக் கஷ்டமா இருந்துச்சா?" "கஷ்டந்தான் மாமா. ஆனா எல்லாமே அவருக்குத் தெரிஞ்ச கேள்விதான்." சுப்பராயலுவின் கால் அப்படியே நின்றுவிடுகிறது. "நீ வூட்டுக்குப் போம்மா," என்கிறார், அவள் முகத்தைப் பார்க்காமல். அவள் போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, சாலையோரத்திலேயே அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள்.