ஈர மணல்

தவிட்டுக்குள் கையை விட்டு, கூட்டுப்புழுக்களைத் தனியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள் வசுமதி.

வாசல் மணி அடித்தது.

கையைத் துடைக்காமலே போய்க் கதவைத் திறந்தாள்.

முரளிதரன்.

அவள் புருஷன். தீபாவளிக்கு முன்பு இன்னொருத்தியோடு போனவன், செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தான்.

"பச்சோந்திய எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகப் பால்கனிக்குப் போனான்.

வலைக்கூண்டுக்குள் அது கிளையை இறுகப் பிடித்தபடி இருந்தது. ஆசைப்பட்டு வாங்கியவன் அவன். அதற்கு இரை வளர்த்தது அவள்.

கோதுமைத் தவிடு, கேரட் துண்டு, புழு. புழு வளர்ந்து கூட்டுப்புழுவாகும். கூட்டுப்புழு கறுத்து வண்டாகும். வண்டு தவிட்டுக்குள் முட்டையிடும். கூட்டுப்புழுவை உடனுக்குடன் பிரிக்காவிட்டால் வண்டுகளே அதைக் கடித்துத் தின்றுவிடும்.

கல்யாணமான புதிதில் தவிடு அசைவதைப் பார்த்தாலே அவளுக்குக் குமட்டும். தொட்டுவிட்டுக் குளியலறைக்கு ஓடுவாள். வாயைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி தொடுவாள்.

ஆபீஸிலிருந்து தினமும் போன் வரும்.

"புழுவுக்குக் கேரட் போட்டியா? அது நல்லாத் தின்னாத்தான் இதுக்குச் சத்து."

நீ சாப்பிட்டாயா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

பச்சோந்தியின் பச்சை கொஞ்சம் மங்கினாலும் அவனுக்குத் தெரிந்துவிடும். அவளுக்கு மாதக்கணக்கில் உதிரம் போனது. முகம் வெளுத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

தெரியவில்லை.

போன மாதம் கர்ப்பப்பையை எடுத்த அன்று ஆஸ்பத்திரியில் அவளுடைய அக்காதான் கூட இருந்தாள்.

முரளிதரன் கூண்டுக்குள் குனிந்து பார்த்தான்.

"என்ன இப்படிக் கறுத்துக் கெடக்குது? என்ன பண்ணித் தொலைச்சே?"

பச்சோந்தி இரண்டு நாளாக இரை எடுக்கவில்லை. கூண்டின் அடியில் இறங்கி நகத்தால் பிறாண்டிக்கொண்டே இருந்தது. வீடியோ காலில் அதைப் பார்த்த கால்நடை மருத்துவர் நேற்றுதான் விஷயத்தைச் சொன்னார். இணை சேராவிட்டாலும் பெட்டைக்கு முட்டை கட்டும். தோண்டி இடுவதற்கு ஈர மணல் வேண்டும். கிடைக்காவிட்டால் முட்டை வயிற்றிலேயே நின்றுவிடும். அப்புறம் பிழைக்காது.

எதிரே வீடு கட்டுகிறார்கள். காலையில் அங்கே போய்க் கேட்டு, சின்னப் பையில் நாலைந்து நடையாக மணல் வாங்கி வந்திருந்தாள். கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, வாளியில் நிரப்பிக் குளியலறையில் வைத்திருந்தாள்.

அதைச் சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் கை பழக்கத்தில் ஒரு டப்பாவில் புழுக்களை அள்ளி அவன் முன் நீட்டிவிட்டது.

"அதெல்லாம் வேண்டாம். அங்க அவளே வளக்கறா."

வசுமதி வாயை மூடிக்கொண்டாள்.

அவன் கூண்டைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். அவள் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

சாகட்டும்.

அவன் கண் முன்னாலேயே கிடந்து சாகட்டும். ஏன் செத்தது என்று கடைசிவரை தெரியாமலே அவன் அலையட்டும்.

நினைத்து முடிப்பதற்குள் அடிவயிற்றில் தையல் போட்ட இடம் சுருக்கென்றது. அப்படியே கதவில் சாய்ந்து நின்றாள்.

முதுகுக்குப் பின்னால் மணி அடித்தது.

ஒல்லியாக ஒரு பெண் நின்றிருந்தாள். சின்ன வயசு. மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. யாரென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவள் நகக்கண்ணில் தவிடு ஒட்டியிருந்தது.

"கால்சியம் பொடி டப்பாவ மறந்துட்டாருங்களாம். வாங்கிட்டு வரச் சொன்னாருங்க."

புழுவின் மேல் தூவிக் கொடுக்கிற பொடி. வசுமதி அலமாரியிலிருந்து எடுத்து நீட்டினாள். அந்தப் பெண் வாங்கிக்கொண்டாள். போகவில்லை.

"அக்கா..."

அந்த வார்த்தை வசுமதியைச் சுட்டது.

"அதுக்கு வயிறு ஒரு மாதிரி உப்பிக் கெடக்குதுங்க. ஏனுங்க அப்படி?"

அவன் நிறத்தைத்தான் பார்த்தான். இவள் வயிற்றைப் பார்த்திருக்கிறாள்.

வசுமதி அவளை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டு உள்ளே போனாள். வெகுநேரம் வரவில்லை. பிறகு வாளியைத் தரையோடு இழுத்துக்கொண்டு வந்தாள். கனமான எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"முட்டை கட்டியிருக்குது. இந்த மணல்ல எறக்கி விடு. தோண்டி வெச்சுக்கும். இல்லைன்னா செத்துப்போகும்."

"அய்யோ! அவரு ஒண்ணும் சொல்லலீங்களே."

"அவருக்குத் தெரியாது."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். வசுமதியின் வெளுத்த முகத்தை, இடுப்பில் ஊன்றியிருந்த கையை, மெதுவாகப் பார்த்தாள்.

குனிந்து வாளியின் பிடியைப் பற்றினாள்.

"கார்ல மண்ணு கொட்டுனாத் திட்டுவாருங்க."

"திட்டட்டும்."

கீழே ஹாரன் அடித்தது.

ஒரு முறை. அப்புறம் விடாமல்.

அந்தப் பெண் பிடியிலிருந்து கையை எடுத்தாள். பொடி டப்பாவோடு மட்டும் படியிறங்கினாள்.