மடவார் வளாகம் கிளை

ஆபீஸ் ரூமில் மதியத் தூக்கம் போட்டுக்கொண்டிருந்த வைகுண்டராஜ் அண்ணாச்சி ஒரு கண்ணை மட்டும் திறந்தபோது, கதவுக்கு வெளியே மாட்டியிருந்த வட்டக் கண்ணாடியில் திருடி ஒருத்தி தெரிந்தாள்.

கடைசி ரேக்குக்கு முன்னால், வெயிலுக்குத் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, கையில் ஒயர்கூடையோடு நின்றாள்.

அவருக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது.

அந்த உப்பிய கண்ணாடியைத் திருடர்களைப் பிடிக்கவென்றே மெட்ராஸிலிருந்து வரவழைத்து மாட்டியிருந்தார். இத்தனை வருஷத்தில் அதைப் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டவர்கள் உண்டு, திருடியவர்கள் இல்லை. வாங்கவே ஆள் வராத கடைக்குக் களவாட ஒருத்தி வந்திருக்கிறாள் என்றால், சரக்குக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

வைகுண்டராஜ் சூப்பர் மார்க்கெட் எண்பத்து மூன்றில் ராஜபாளையத்தில் ரிப்பன் வெட்டி ஆரம்பித்தது. அப்புறம் தளவாய்புரம், கூமாப்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூரில் இந்த மடவார் வளாகம். ஒவ்வொரு கிளையிலும் ஓர் ஆபீஸ் ரூம், கதவில் 'மேனேஜிங் டைரக்டர்' என்று பித்தளைத் தகடு. திறப்பு விழாவுக்குத் தைத்த கோட்டை அண்ணாச்சி சித்திரை வெயிலிலும் கழற்றவில்லை.

கூமாப்பட்டியில் சனங்கள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, படியேறாமல் நின்றபடியே அரைக்கிலோ பருப்பு கேட்டார்கள். உள்ளே வந்து அவரவரே எடுத்துக்கொள்ளலாம் என்று மேனேஜிங் டைரக்டர் விளக்கினார்.

"கேக்காம எடுத்தா களவுல்லா அண்ணாச்சி?" என்றுவிட்டு, பொட்டலம் மடித்துத் தருகிற கடைக்கே போய்விட்டார்கள்.

முதலில் மூடியது கூமாப்பட்டி. பிறகு தளவாய்புரம். போன வருஷம் ராஜபாளையமே மூடியது. அங்கே அவருடைய வீட்டுத் தெருமுக்கில், பருப்பு வாங்கினால் ஒரு கொத்துக் கறிவேப்பிலை சும்மா கொடுக்கிற சோலைச்சாமியின் பலசரக்குக் கடை மட்டும் மூடவில்லை. அது ஆறே மாசத்தில் படுத்துவிடும் என்று அண்ணாச்சி சொன்னது எண்பத்து நாலில்.

மிச்சம் இந்த ஒரு கிளைதான். வாசல் போர்டில் இன்னும் நான்கு ஊர்ப் பெயர்களும் இருந்தன.

மனைவி சண்முகத்தாயிடம் அவர் சொல்லியிருந்த கதை வேறு. மற்றதையெல்லாம் மூடியது ஒன்றாகச் சேர்த்துப் பெரிதாக நடத்தத்தான். மடவார் வளாகத்தில் கூட்டம் தாங்கவில்லை. அதற்கு அத்தாட்சியாக வெள்ளிக்கிழமைதோறும் சாயந்திரம் துவரம்பருப்பு, உளுந்து, வெல்லம் என்று ரேக்கிலிருந்து ஒரு பை நிறைய எடுத்து ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார். அவள் அதை நம்பினாள். தோற்றவன் என்று தன்னைப் பார்க்காத ஒரே ஆள் அவள்தான் என்ற நினைப்பில்தான் காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்ப முடிந்தது.

இத்தனை எடுத்தும் ரேக் காலியாகவில்லை என்பதுதான் அதிசயம். "உள்ள இருந்து எடுத்து அடுக்கினேன் அண்ணாச்சி" என்பாள் கடையில் மிஞ்சியிருந்த ஒரே வேலையாள் இசக்கியம்மாள். குடோனைத் திறந்து பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. "இதுக்குப் பேருதாம்ட்டி நிர்வாகம்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

கண்ணாடியில் திருடியின் கை கூடைக்குள் போனது. வெளியே வந்து ரேக்குக்குப் போனது. மறுபடியும் கூடைக்குள் போனது.

அண்ணாச்சி இரண்டாவது கண்ணையும் திறந்தார்.

அவள் எடுக்கவில்லை. வைத்துக்கொண்டிருந்தாள்.

கூடையிலிருந்து ஒரு பருப்புப் பாக்கெட் வந்தது. எலி கடித்த அதன் மூலையில் பட்டையாகக் காக்கி டேப். ஒட்டியவர் அவர்தான். போன வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுபோனவரும் அவர்தான்.

முந்தானை நழுவியது. சண்முகத்தாய்.

வெள்ளிக்கிழமைதோறும் இதே மடவார் வளாகத்து வைத்தியநாத சுவாமி கோயிலுக்கு என்று அவள் பஸ் ஏறுவது அவருக்குத் தெரியும். பக்தி முற்றிவிட்டதாக நினைத்திருந்தார்.

"வெரசா வைங்க மதினி, அண்ணாச்சி முழிச்சிருவாவ" என்றாள் இசக்கியம்மாள். "எல்லாத்தையும் இங்கன கொண்டாந்துட்டா வீட்ல பொங்க என்ன செய்வீய?"

"சோலைச்சாமி கடைதான். நம்ம கடைப் பருப்பு மணமே தனின்னு ரெண்டு தடவ வாங்கித் திங்காவ, பாவம்."

ரெண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு சண்முகத்தாய் ஒவ்வொரு பாக்கெட்டையும் அவர் பெயர் முன்னால் தெரியும்படித் திருப்பி வைத்தாள். வெறும் கூடையைக் கீழே போட்டுவிட்டு, உள்ளங்கையை முகத்துக்கு அருகே கொண்டுபோய் ஊதினாள். கூடைப்பிடி அறுத்திருக்க வேண்டும். மத்தியான பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பதில்லை.

அண்ணாச்சி கண்களை இறுக மூடிக்கொண்டார். யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று கொஞ்சம் குறட்டையும் விட்டார்.

சாயந்திரம் வழக்கம்போலப் பையை விரித்துக்கொண்டு ரேக்குக்கு முன்னால் நின்றார். துவரம்பருப்பைத் தொட்டார், விட்டுவிட்டார். வெல்லத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். கடைசியில் ஒரு கட்டு அப்பளம் மட்டும் பைக்குள் போனது.

"என்ன அண்ணாச்சி, இம்புட்டுதானா?" என்றாள் இசக்கியம்மாள்.

"அப்பளம் போதும்ட்டி. மத்ததெல்லாம் கனக்கும்."

"நீங்க ஸ்கூட்டர்லதான போறிய, உங்களுக்கு என்ன கனம்..." என்று ஆரம்பித்த இசக்கியம்மாள், பாதியில் வாயை மூடிக்கொண்டு வட்டக் கண்ணாடியை அண்ணாந்து பார்த்தாள்.