பித்தளைத் தகட்டில் குங்குமம்

ஷார்ஜா கப்பல் பட்டறையில் ஆயுத பூஜைக் காலை. கரையேற்றிய பழைய இழுவைக் கப்பலின் பித்தளைத் தகட்டை வெல்டர் பாண்டித்துரை புளி போட்டுத் தேய்க்கத் தேய்க்க, 'சண்டர்லாந்து, இங்கிலாந்து, 1974' என்ற எழுத்துகள் வெயிலில் பளிச்சிடுகின்றன. சந்தனம் தடவிக் குங்குமம் வைக்கும்போது பின்னால் பூட்ஸ் சத்தம். கப்பல் வேலையைச் சரிபார்க்கும் இன்ஸ்பெக்டர் ஆலன். "சாரி சார், டூல்ஸ் பூஜா!" என்று பதறித் துடைக்கப் போகிறவனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறார் அந்த வெள்ளைக்காரர். இந்தக் கப்பலைக் கட்டிய பட்டறையில்தான் பதினாறு வயதில் அவர் வேலைக்குச் சேர்ந்தார். கொரியாக்காரன் கப்பலைப் பாதி விலைக்குக் கட்டித் தரவும் அந்தப் பட்டறையை இழுத்து மூடிவிட்டார்கள் என்று டீ நேரத்தில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். இன்றோ பொட்டு வைத்த சுத்தியலையும் கிரைண்டரையும் வெல்டிங் மிஷினையும் ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் குனிந்து நெற்றியைக் காட்டுகிறார். "மீ டூ, பாய். மேட் இன் சண்டர்லாந்து." பாண்டித்துரை கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, புதிதாகச் சந்தனம் குழைக்கிறான்.